தமிழாசிரியரும் தொலைவழிப் பட்டக் கல்வியும்

இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருப்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. பணியில் இருந்துகொண்டே, இரவு வேளையில் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்து, கல்வியியலில் இளங்கலைப் பட்டமோ முதுகலைப் பட்டமோ பெறுவோர் ஊர்தோறும் உளர். இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னர் இஃது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்றாக இருந்தது. இடையில் நேர்ந்த மாற்றத்தைக் கணினியும் இணையமும் கொணர்ந்தன என்று கூறிவிடுவது எளிது. வரலாற்றைச் சற்று உற்று நோக்கின், அக்கூற்றில் பாதியே உண்மை என்பது புலனாகும்.

1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தொடங்கப்பெற்ற தமிழ் வகுப்பை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வர். எனினும், தமிழ்ப்பள்ளிகள் பெருகியது ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பின்னரே ஆகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைதல் வேண்டும் என 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வகை செய்தது. 1923ஆம் ஆண்டின் சட்டம் அதனை வலியுறுத்திற்று. சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி, அப்பள்ளியில் யார் கற்பிப்பது என்பது பற்றிக் கவலை கொள்ளவில்லை. ஆகவே கங்காணியும், கிராணியும், தோட்ட மருத்துவமனை உதவியாளரும், எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியுமே ஆசிரியராயினர். விடியலில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட குரலே பின்னர்ப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த தோட்டங்களும் இருந்தன.

நாளடைவில், தமிழ்ப்பள்ளியிலேயே ஏழாம் வகுப்புவரை பயின்று தேறியவர்கள் ஆசிரியப் பணிக்கு வரலாயினர். 1930களின் பிற்பகுதியில் அரசாங்கம் இவர்களுக்கென வார இறுதிப் பயிற்சி வகுப்புகளை நடத்த முற்பட்டது. வாரம் முழுவதும் மூன்று நான்கு வகுப்புகளை ஒருவராகவே மேய்த்த ஆசிரியர், ஓய்வு நாளில் பட்டணத்திற்குச் சென்று தாமே மாணவராக அமர்ந்தார். ஈண்டு ஒன்றைக் குறித்தல் தகும். மலாய்ப்பள்ளி ஆசிரியர்களுக்கென 1922ஆம் ஆண்டிலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அங்கே மாணவர் தங்கிப் பயின்றனர். நூலகமும் விளையாட்டுத் திடலும் தோழமையும் அவர்களுக்குக் கிட்டின. போருக்கு முந்திய மலாயாவில் தமிழாசிரியருக்கு அத்தகைய கல்லூரி ஒன்று வாய்க்கவில்லை. பணியை விட்டுப் பயில அவருக்கு வழியில்லாது போகவே, பணியினூடே பயில்வது அவருடைய முறையாயிற்று. தொலைக்கல்வி என்ற பெயர் இந்நாட்டிற்கு வருவதற்கு வெகு காலம் முன்பே அதன் துன்பங்களை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

போருக்குப் பின்னர் நிலைமை ஓரளவு மாறிற்று. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதனையொட்டிய 1957ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்பினுள் கொண்டுவந்தன. விடுதலை பெற்ற ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டியிருந்தனர். பகல்நேரப் பயிற்சி நிலையங்களும், 1960களில் வட்டாரப் பயிற்சி நிலையங்களும் தோன்றின. அவற்றில் தேறியோருக்குச் சான்றிதழ் கிடைத்தது. பட்டம் என்பது அவ்வழியில் இல்லை.

பட்டத்திற்குரிய இடம் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நிறுவப்பெற்றது. அதில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, சமஸ்கிருதத்திற்கு முதலிடமா தமிழுக்கு முதலிடமா என்ற வினா எழுந்ததும், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற முழக்கத்தோடு நிதி திரட்டியதும் தமிழ் மாணவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். 1956ஆம் ஆண்டில் துறை தொடங்கிற்று. பின்னர் அது கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. தனிநாயகம் அடிகளார் அதன் தலைமையை ஏற்றதும், 1966ஆம் ஆண்டில் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில் நடந்ததும் அத்துறையின் பொற்காலத்தைச் சேர்ந்தவை.

சிறு தொகைகளாகத் திரண்ட அந்நிதியால் பயன்பெற்ற துறையின் வாயிலில், தோட்டப்பள்ளி ஆசிரியர் நுழைய இயலவில்லை என்பது வரலாற்றின் முரண். அத்துறையில் பட்டம் பெற்றோர் கல்வியியலில் டிப்ளோமாவும் பெற்று இடைநிலைப்பள்ளிகளுக்குச் சென்றனர். பல்கலைக்கழகத்திலும் வானொலியிலும் பணியேற்றனர். தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ பல்கலைக்கழகம் கேட்ட தேர்வுச் சான்றுகள் இல்லை. தமிழ்வழியில் இடைநிலைக் கல்வி இந்நாட்டில் அமையவில்லை. ஆறாம் வகுப்பை முடித்த தமிழ்ப்பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்து, வேறொரு மொழியில் மேற்படிப்பைத் தொடர வேண்டியிருந்தது. ஏணியின் நடுப்படிகள் இல்லாதபோது மேற்படியை எட்டுவது எங்ஙனம்? தமிழாசிரியர் பட்டம் பெறாமைக்கு ஊக்கக் குறைவைக் காரணமாகக் கூறியோர் அக்காலத்தில் இருந்தனர். அவர்கள் ஏணியைப் பாராது ஏறுபவனை மட்டும் பார்த்தவர்கள்.

ஊக்கம் இருந்தமைக்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. சான்றிதழ் பெற்றுப் பணியில் அமர்ந்த ஆசிரியர் பலர், இரவு வகுப்புகளுக்குச் சென்றும் தனியே பயின்றும், தனித்தேர்வராக எம்.சி.இ. தேர்வையும், அதன்பின் எச்.எஸ்.சி. தேர்வையும் எழுதினர். தாம் கற்பித்த பிள்ளையின் வயதுடைய மாணவரோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்து தேர்வெழுத அவர்கள் நாணவில்லை. தமிழகத்துப் பல்கலைக்கழகங்கள் நடத்திய அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ந்து தமிழ் இலக்கியம் பயின்றோரும் உண்டு. அது தமிழறிவைப் பெருக்கிற்று என்பதில் ஐயமில்லை. எனினும் பணி உயர்வுக்கு உதவுமா என்பது வேறு கேள்வி.

இந்நிலையில்தான் பினாங்கிலிருந்து ஒரு வாயில் திறந்தது. 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அறிவியல் பல்கலைக்கழகம், 1971ஆம் ஆண்டில் வளாகத்திற்கு வெளியே வாழ்வோருக்கான பட்டக் கல்வியைத் தொடங்கிற்று. இங்கிலாந்தின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவரை ஏற்றுக்கொண்டதும் அதே ஆண்டில்தான். உலகம் புதிதெனக் கண்ட ஒரு முறையை இந்நாடும் அவ்வாண்டிலேயே கைக்கொண்டது பெருமைக்குரியதே.

அக்கல்வியின் நடைமுறை இன்றைய மாணவருக்கு விளங்குமாறு சற்று விரித்துரைக்கத் தக்கது. பாடங்கள் அச்சிட்ட தொகுதிகளாக அஞ்சலில் வந்தன. படித்து, கட்டுரைப் பணிகளை எழுதி, அஞ்சலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். திருத்திய தாள் கைக்குக் கிட்டுவதற்குள் அடுத்த தொகுதி வந்து சேர்ந்திருக்கும். ஐயம் எழுந்தால் உடனே கேட்பதற்கு எவருமில்லை; வட்டார நிலையத்தில் கூட்டம் நடைபெறும் நாள்வரை அதனை நெஞ்சில் சுமக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, பள்ளி விடுமுறையில், பினாங்கு வளாகத்தில் செறிவுப் பாடங்கள் நடந்தன. தொடக்க நாளில் இறுதி ஆண்டை வளாகத்திலேயே தங்கிப் பயில வேண்டும் என்ற விதியும் இருந்தது. சம்பளமில்லா விடுப்பு எடுக்க இயலாதவர் அவ்விடத்தில் தடுமாறினர். பின்னாளில் தொலைபேசிக் கம்பி வழியே விரிவுரையாளரின் குரல் பல ஊர் நிலையங்களை ஒருங்கே எட்டும் தொலைமாநாட்டு முறை வந்தது. குரல் ஒன்றே கேட்கும் அவ்வறையில் குறிப்பெடுத்தவர்களுக்கு அதுவே பெரும் முன்னேற்றமாகத் தோன்றிற்று.

அம்மாணவருள் ஆசிரியர்களே பெருந்தொகையினர். அவர்கள் பயின்றவை கலை, சமூகவியல், அறிவியல் ஆகியவை. வரலாறும் புவியியலும் இலக்கியமும் பயின்று பட்டம் பெற்ற ஆசிரியர், மறுநாள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு கற்பித்தார். பட்டத்திற்கும் வகுப்பறைக்கும் நேரடித் தொடர்பில்லை என்று இதனைக் குறை கூறுவாருமுண்டு. குறை ஓரளவு மெய்யே. ஆயினும் நூல்களோடு ஐந்தாறு ஆண்டு தனித்துப் போராடிய ஒருவர் வகுப்பறைக்குள் நுழையும்போது, தனித்துத் தடுமாறும் பிள்ளையை அடையாளம் காணும் கண்ணோடு நுழைகிறார். எந்தப் பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் அக்கண் இடம்பெறுவதில்லை.

ஊதிய உயர்வுக்காகவே பட்டம் பயின்றனர் என்ற பழியும் உண்டு. பட்டதாரிக்கும் பட்டதாரியல்லாதாருக்கும் ஊதியப் படியை வேறுவேறாக வைத்தது அரசாங்கம். பின்னாளில் டிப்ளோமா பெற்றவர் டிஜிஏ 29 எனவும், பட்டதாரி டிஜி 41 எனவும் வகுக்கப்பெற்றதை ஆசிரியர் எவரும் மறந்திரார். ஒரே பள்ளியில், ஒரே பாடத்தை, ஒரே எண்ணிக்கையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்த இருவரிடையே அந்த எழுத்தும் எண்ணும் நின்றன. குடும்பத்தைக் காக்கும் ஒருவர் அவ்வேறுபாட்டைக் கடக்க விரும்பியதில் பழி என்ன உளது?

இதற்கிடையே பயிற்சிக் கல்லூரிகளும் வளர்ந்தன. சான்றிதழ் 1996ஆம் ஆண்டில் டிப்ளோமாவாக உயர்ந்தது. தஞ்சோங் மாலிம் கல்லூரி 1997ஆம் ஆண்டில் கல்வியியல் பல்கலைக்கழகமாயிற்று. தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டமும் பின்னர் அங்கு இடம்பெற்றது. 2007ஆம் ஆண்டுமுதல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியே பட்டக் கல்வியாயிற்று. கல்லூரிகள் ஆசிரியர் கல்விக் கழகங்கள் எனப் பெயர் பெற்றன. புதிதாக வருவோர் பட்டத்தோடு வந்தனர். ஏற்கெனவே பணியில் இருந்தோரை எவ்வாறு பட்டதாரியாக்குவது என்ற வினா எஞ்சிற்று.

அதற்கு விடையளித்தவற்றுள் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முக்கியமானது. அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பதினொன்று கூடி அமைத்த நிறுவனத்தின் வழி 2000ஆம் ஆண்டில் அது தோன்றியது. 2001ஆம் ஆண்டில் மாணவரை ஏற்றது. கல்வி அமைச்சின் ஆசிரியர் பட்டதாரியாக்கத் திட்டங்களும் அதனையடுத்த ஆண்டுகளில் விரிந்தன. ஆசிரியர் கல்விக் கழகங்களும் பல்கலைக்கழகங்களும் அவற்றில் பங்கேற்றன. தலைமையாசிரியர்களுக்கெனவும் தனித்திட்டம் அமைந்தது. ஐம்பதை நெருங்கிய தலைமையாசிரியர்கள் தம் மக்களிடம் கணினிச் சுட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு இடுபணிகளைத் தட்டச்சு செய்த காலம் அது. அஞ்சல் தொகுதியின் இடத்தில் கற்றல் தளம் வந்தது. வட்டார நிலையக் கூட்டத்தின் இடத்தில் இணையக் கலந்துரையாடல் மன்றம் வந்தது. நூலகம் மின்னூலகமாயிற்று. ஐயத்தை நெஞ்சில் சுமந்து திரிந்த நிலை மாறி, இரவு பதினொரு மணிக்கு எழுதிய வினாவுக்கு மறுநாள் காலை மறுமொழி கிடைத்தது. நேரடி வகுப்பு, தன்முயற்சிக் கற்றல், இணையவழிக் கற்றல் ஆகிய மூன்றும் கலந்த இம்முறை, பணிபுரியும் ஆசிரியருக்கு ஏற்றதாக அமைந்தது என்பதை மறுக்கவியலாது.

எனினும் ஒன்று மாறவில்லை. பட்டத்தின் மொழிக்கும் வகுப்பறையின் மொழிக்கும் இடைப்பட்ட தொலைவே அது. 1983ஆம் ஆண்டளவில் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மலாய்மொழியைப் பயிற்றுமொழியாக்கும் பணியை நிறைவேற்றின. நாட்டின் தேசிய மொழியில் உயர்கல்வி நடைபெறுவது முறையே. அதன் விளைவாகத் தமிழாசிரியர் கல்வி உளவியலையும், மதிப்பீட்டையும், கல்வித் தொழில்நுட்பத்தையும் மலாயிலும் ஆங்கில நூல்களின் வழியும் பயின்றார். மறுநாள் அவற்றைத் தமிழில் செயற்படுத்த வேண்டியிருந்தது. அஞ்சலாயினும் இணையமாயினும் இத்தொலைவை அவை குறைக்கவில்லை. குறைத்தவர்கள் ஆசிரியர்களே. 1983ஆம் ஆண்டின் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தையும், 2011ஆம் ஆண்டின் சீர்தர கலைத்திட்டத்தையும் தமிழாக்கிய ஆசிரியர் குழுக்கள், கற்றல் தரம், வகுப்புசார் மதிப்பீடு, உயர்நிலைச் சிந்தனைத் திறன் என்று சொல்லுக்குச் சொல் தேடிப் படைத்தன. சில சொற்கள் கரடுமுரடாகவே இருந்தன. ஆயினும் அவை இல்லாதிருந்தால் பட்டம் பெற்ற ஆசிரியரின் அறிவு பட்டச்சுருளுக்குள்ளேயே தங்கியிருக்கும்.

கணினியிலும் இதே கதை நிகழ்ந்தது. 1997ஆம் ஆண்டில் அரசாங்கம் விவேகப் பள்ளித் திட்டத்தை அறிவித்தது. முன்னோடிப் பள்ளிகளுக்கென மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கு மென்பொருள்கள் உருவாயின. தமிழ் அவற்றுள் இல்லை. கணினியில் தமிழ் எழுத்தை வரவழைப்பதே அந்நாளில் பெரும்பாடு. ஒருவர் தம் எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு, அடுத்த பள்ளியின் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

இம்முட்டுக்கட்டையை உடைக்க முன்னின்றவருள் ஒருவர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த ஆசிரியர் என்பதைத் தமிழாசிரியர் சமூகம் நன்றியோடு நினைக்க வேண்டும். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாக நின்றதற்கு அவரே காரணர். இணையம் என்ற சொல்லே அவர் தந்தது என்பர். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாட்டிலும் அவர் பங்கு பெரிது. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தாம் நட்ட மரத்தின் நிழலில் அவர் நெடுங்காலம் இருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கியிருந்தார். இந்நாட்டு இதழ்களும் பள்ளிகளும் ‘முரசு அஞ்ச’லில் தமிழ் எழுதப் பழகின. 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது ‘செல்லினம்’ வழியே கைப்பேசியிலும் தமிழ் ஏறிற்று. ஒருங்குறி பரவிய பின்னர் ஒரு பள்ளியில் எழுதிய தமிழ் மறுபள்ளியில் தமிழாகவே தோன்றியது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆசிரியரை இணையத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கே தமிழ் காத்திருந்தது என்றால், அது இவர்கள் முன்னரே சென்று இடம் பிடித்து வைத்தமையால்.

பின்னர் வந்தவை அண்மைக்காலச் செய்திகள். 2012ஆம் ஆண்டளவில் ‘ஃபுரோக்’ என்னும் மெய்நிகர் கற்றல் தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் வழங்கப்பெற்றது. 2019ஆம் ஆண்டில் அது கைவிடப்பெற்று கூகுள் வகுப்பறை இடம்பிடித்தது. இணைய வேகம் குன்றிய உட்புறப் பள்ளிகளில் முதலாவது தளம் பெரும்பாலும் பெயரளவில் இருந்தது. மின்னியல் கற்றலைப் பற்றிப் பட்டத்தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய ஆசிரியரும், தம் பள்ளியில் அதைச் செய்து காட்ட வாய்ப்பின்றி இருந்தார்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பெற்றபோது, அவ்வாய்ப்பு ஒரே நாளில் எல்லாருக்கும் வந்தது. ஜூன் திங்களில் கல்வி அமைச்சு ‘டெலிமா’ தளத்தைத் திறந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சி தனி அலைவரிசையாக வந்தது. 1972ஆம் ஆண்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு அஃது இரண்டாம் பிறவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் காணொலிகளைத் தாமே எடுத்தனர். தமிழில் மின்னியல் புதிர்களையும் பயிற்சிகளையும் அமைத்துப் புலனக் குழுக்களில் பள்ளிக்குப் பள்ளி பகிர்ந்தனர். தமிழுக்கென வெளியிலிருந்து வருவது குறைவு என்பதை நெடுநாளைய பழக்கத்தால் அறிந்தவர்கள் ஆதலின், அவர்கள் எதற்கும் காத்திருக்கவில்லை.

வீட்டிலிருந்து கற்றலுக்கு அமைச்சு வகுத்த வழிகளில் இணையம் ஒன்று மட்டுமே இருக்கவில்லை. இணையமற்ற முறைக்கும் இடமிருந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளும், அக்கைப்பேசியும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்ட வீடுகளும் இருந்தன. அவ்வீடுகளுக்கென ஆசிரியர்கள் பாடங்களை அச்சிட்டு, வாரத்திற்குரியவற்றை உறையிலிட்டுப் பிள்ளையின் பெயரெழுதிப் பள்ளி வாயிலில் வைத்தனர். வர இயலாதோருக்குத் தாமே கொண்டு சென்றனர். விடைத்தாள்கள் அடுத்த வாரம் திரும்பி வந்தன. அவற்றைத் திருத்தியவர்களுள் தொலைவழியில் பட்டம் பெற்றவர் பலர் இருந்தனர். விடையின் கீழ் மதிப்பெண்ணோடு நில்லாது, பிள்ளை எங்கே வழி தவறினான் என்பதை இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.